ஐந்தாம் நாள் பிள்ளை யாரிடம்?

“பள்ளிக்கூடம் வாரத்துக்கு நான்கு நாள் போதும் என்று சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?”

கடந்த மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இந்தக் கேள்வியை வைத்தேன். கல்வி அமைச்சு அப்படி எதையும் அறிவிக்கவில்லை. வெளிநாடுகளில் பேசப்படும் விஷயத்தை நம் ஊர் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பாட்டு போட நேரமில்லாத அளவுக்கு அழைப்புகள் வந்தன. புலனத்தில் குரல்பதிவுகள் குவிந்தன.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “ரெண்டு நாள் போதும் அக்கா” என்றான். ஓர் ஆசிரியை, “ஐந்து நாளில் முடிக்கும் வேலையா இது? சனிக்கிழமையும் கோப்புதான்” என்று பெருமூச்சு விட்டார். ஒரு தாத்தா, “எங்க காலத்துல நடந்தே போனோம்” என்று ஆரம்பித்து வேறு எங்கோ போய்விட்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் நான் கேட்டதற்குப் பதிலாகத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

“லீவு விட்டா நல்லதுதான் தங்கச்சி. ஆனா அன்னைக்கு என் பையனை யாரு பாத்துக்குவா?”

குறைந்த நாள் பள்ளி பற்றிக் கிடைத்ததையெல்லாம் அதன் பிறகு படித்தேன். சாதகம், பாதகம் என்று இரண்டு பட்டியல் போட்டேன். எந்த நாட்டுக் கதையைப் படித்தாலும் முடிவில் அந்த அம்மாவின் கேள்விதான் நின்றது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு வாரம்

பினாங்குக்காரர்களுக்கு இது அந்நியமான பேச்சு அல்ல. மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி. நமக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. சுங்கைப் பட்டாணியில் குடியிருந்து பட்டர்வொர்த்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, ஆனால் பிள்ளைக்குப் பள்ளி. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு விடுமுறை, பெற்றோருக்கு வேலை. குடும்பம் முழுவதும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

ஜொகூர் மாநிலமும் 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையில் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பதினோராண்டு பழக்கத்தை மாற்றுவது எளிதல்ல. நாட்டின் மற்ற பகுதியோடு நாள் ஒத்துப்போவது குடும்பத்துக்கும் வேலைக்கும் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. விடுமுறை எத்தனை நாள் என்பதோடு, அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என் சின்ன வயதில் இது இன்னொரு மாதிரி இருந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை பள்ளி இல்லை, ஆனால் அரசாங்க ஊழியரான அப்பாவுக்கு அரைநாள் வேலை இருக்கும். அரசு ஊழியர்களுக்கு முழுமையான ஐந்து நாள் வேலை வாரம் 2005 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அந்த அரைநாளைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ரோட்டி கடித்தபடி அவர் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்திருப்போம். இன்றைக்கு 20 மாடி அடுக்குமாடியில், எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத இடத்தில், அந்த அத்தையை எங்கே தேடுவது?

நல்ல பக்கமும் இருக்கிறது

நான்கு நாள் பள்ளியை விரும்புகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பள்ளி வேனில் தூங்கி வழிந்து, மதியம் திரும்பி, டியூஷனுக்கு ஓடி, வீட்டுப்பாடம் முடித்து, பத்து மணிக்குப் படுக்கிற பத்து வயதுப் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தூங்கினால் என்ன குறைந்துவிடும்? நீச்சல், மிருதங்கம், சிலம்பம், தாத்தா பாட்டியோடு ஒரு மதியம் என்று பள்ளி தராத பலவற்றுக்கும் நேரம் கிடைக்கும். ஆசிரியர்களும் பாடத் திட்டமிடலையும் தாள் திருத்தலையும் அந்த நாளில் முடித்துவிட்டு, வார இறுதியைத் தங்கள் குடும்பத்தோடு கழிக்கலாம்.

அமெரிக்காவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஏறக்குறைய 2,000 பள்ளிகளில் வாரம் நான்கு நாள்தான் வகுப்பு. பெரும்பாலானவை கிராமப்புறப் பள்ளிகள். ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, அங்குள்ள மாணவர்களும் பெற்றோரும் இந்த முறையைப் பெரிதும் விரும்புவதாகவே சொன்னார்கள்.

ஆனால் இந்தப் பள்ளிகள் எதற்காக மாறின என்று பார்த்தால், பல இடங்களில் பிள்ளைகளின் தூக்கம் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. காரணம் பணம். பள்ளிப் பேருந்தும் மின்சாரமும் சிற்றுண்டிச்சாலையும் ஒரு நாள் நின்றால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்தில் ஒரு நாள் போனால் 20 விழுக்காடு மிச்சமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி அதிகபட்சம் 5.43 விழுக்காடுதான் மிச்சமாக்க முடியும். நடைமுறையில் மிச்சமானது 0.4 முதல் 2.5 விழுக்காடு வரைதான். பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம், அது குறையாது. பிறகு வந்த பள்ளிகள் பல, ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்த முறைக்கு மாறின. சம்பளத்தைக் கூட்ட முடியாதவர்கள் ஒரு நாளை விட்டுக்கொடுத்து ஆசிரியர்களை ஈர்க்கப் பார்த்தார்கள்.

கொலராடோ மாநிலத்தின் பிரைட்டன் வட்டாரப் பள்ளிகள் 2018இல் திங்கட்கிழமை வகுப்பை நிறுத்தின. அதே திங்கட்கிழமைக்குக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் பள்ளி நிர்வாகமே செய்ய வேண்டி வந்தது. இலவசமாக இருந்த நாளுக்குச் சில பெற்றோர் அதன் பிறகு காசு கொடுத்தார்கள்.

மணிக்கணக்கு என்ன சொல்கிறது?

நான்கு நாள் பள்ளியில் படிப்பு குறைகிறதா? ஓரிகன் மாநிலத்தில் செய்த ஆய்வு, கணிதத்திலும் வாசிப்பிலும் மாணவர்களின் தேர்ச்சி சற்றுக் குறைந்ததைக் காட்டியது. வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரப் பாடம் குறைந்ததுதான் முக்கியக் காரணம் என்று அது சொன்னது. ஐந்து நாளின் மணி நேரத்தை நான்கு நாளில் அடக்கிய பள்ளிகளில் பாதிப்பு குறைவு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளி காலை 7.30க்குத் தொடங்கி மதியம் 1.00 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இருபத்தேழரை மணி நேரம். அதை நான்கு நாளில் அடக்கினால் பள்ளி முடிய 2.20 ஆகிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட நாள். காலை, மாலை என்று இரண்டு வேளையாக நடக்கும் பள்ளிகளில் இது இன்னும் சிரமம். காலை வகுப்பு நீண்டால் மாலைப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள்?

நேரத்தை நீட்டாமல் நாளை மட்டும் குறைத்தால்? ஆண்டுக்கு 40 பள்ளி வாரம் என்று எடுத்துக்கொண்டால் 40 நாள் போகும். ஆறாண்டுத் தொடக்கப்பள்ளியில் மொத்தம் 240 நாள். 40 வாரம், ஐந்து நாள் என்ற கணக்கில் ஒரு முழு ஆண்டு 200 நாள்தான். அப்படியென்றால் ஒரு பிள்ளை ஓராண்டுக்கு மேலான படிப்பை இழந்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும்.

அந்த இடைவெளியை யார் நிரப்புவார்கள்? ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்பை 1992இல் மாதம் ஒன்றாகக் குறைக்க ஆரம்பித்து, 2002 ஏப்ரலில் முழுவதுமாக நிறுத்தினார்கள். பாடத்திட்டத்தையும் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்தார்கள். பிள்ளைகள் மூச்சு விடட்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் வசதியுள்ள பெற்றோர் அந்த நேரத்தைத் தனியார் டியூஷன் நிலையங்களிடம் கொடுத்தார்கள். அனைத்துலகத் தேர்வில் நாட்டின் தரவரிசை இறங்கியதும் பாட நேரத்தை மறுபடியும் கூட்டினார்கள். சனிக்கிழமை வகுப்பும் பல ஊர்களில் திரும்பி வந்தது. பினாங்கில் டியூஷன் நிலையம் இல்லாத கடைத்தெரு இருக்கிறதா, சொல்லுங்கள். பள்ளி கைவிடும் நாளை அவர்கள் மறுநாளே பிடித்துக்கொள்வார்கள்.

பெற்றோருக்கும் அதே நாள் என்றால்?

இந்தத் திட்டம் ஓரளவு சீராக நடந்த ஓர் இடம் ஷார்ஜா. ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்கு நாலரை நாள் வாரத்தைக் கொண்டுவந்தன. வெள்ளிக்கிழமை நண்பகலோடு வேலை முடியும், பள்ளிகளும் அப்படியே. ஷார்ஜா மட்டும் ஒரு படி மேலே போய் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்றது. அங்கே பள்ளிகளும் நான்கு நாள்தான்.

ஷார்ஜா செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கிடைத்த விடுமுறை நாளே அரசாங்க வேலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் கிடைத்தது. அந்த வீட்டில் ஐந்தாம் நாள் வரம். அதே ஷார்ஜாவில் குடியிருந்து துபாய் தனியார் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் அதில் இருக்கின்றன. அவர்களுக்கு நாள் ஒத்துப்போகாது. கெடா எல்லையில் நம்மவர் படும் பாடுதான் அங்கேயும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி முற்றியபோது, சில வாரங்களுக்குப் பள்ளிகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே நடந்தன. பேருந்துக்கு எண்ணெய் இல்லாததால் வந்த நிலை அது. மீதி நாளில் வீட்டிலிருந்து படிக்கச் சொன்னார்கள். இணையமும் மின்சாரமும் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அது படிப்பு நாளானது. மற்றப் பிள்ளைக்கு அது வெறும் நாள்தான்.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2020 மார்ச் 18 அன்று நம் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் இணைய வகுப்புக்கான எந்தச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. 2021 அக்டோபரில் பள்ளி திறந்தபோது பாதி மாணவர் ஒரு வாரம், மறுபாதி அடுத்த வாரம் என்று சுழற்சி முறை நடந்தது. ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்த வாரம், தங்கைக்கு அடுத்த வாரம். அப்போது யார் வேலையை விட்டார்கள் என்று உங்கள் உறவினர் வட்டத்தில் எண்ணிப் பாருங்கள். என் வட்டத்தில் மூன்று பேர், மூவரும் பெண்கள்.

ஒரு வெள்ளிக்கிழமையின் விலை

பள்ளி என்பது பாடம் மட்டும் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்எம்டி என்ற கூடுதல் உணவுத் திட்டத்தில் பள்ளி நாளில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் குறைந்தால் அந்தத் தட்டும் ஒன்று குறையும். வசதியான வீட்டில் இது யாருக்கும் தெரியாது, வசதியற்ற வீட்டில் அன்று காலையே தெரிந்துவிடும்.

அந்தத் தொழிற்சாலை அம்மாவின் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சம்பளமில்லா விடுப்புக்கு நாள் சம்பளம் கணக்கிடச் சட்டப்படி அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், 30 நாள் மாதத்தில் 56 ரிங்கிட் சொச்சம் வருகிறது. மாதம் நான்கு வெள்ளிக்கிழமை சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 226 ரிங்கிட் போய்விடும். ஷிப்ட் படியும் கூடுதல் நேரப் பணமும் இதில் சேரவில்லை. சம்பளத்தில் 13 விழுக்காடு அது. பராமரிப்பு நிலையத்தில் விட்டாலும் காசு கொடுக்க வேண்டும். தனியாக வீட்டில் விட்டுப் போகலாமா? சின்னப் பிள்ளையைத் தகுந்த கண்காணிப்பு இல்லாமல் விட்டுச் செல்வது 2001 சிறார் சட்டப்படி குற்றம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கொலராடோ கிராமப்புறங்களில் செய்த ஓர் ஆய்வு, நான்கு நாள் பள்ளி உள்ள இடங்களில் இளையோர் குற்றங்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியதாகச் சொல்கிறது, பெரும்பாலும் திருட்டு போன்றவை. நம் பிள்ளைகள் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்கள் யாரும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, கையில் கைப்பேசி, கீழே மோட்டார்சைக்கிள் நண்பர்கள். பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் இது. இன்று இங்கே 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வீட்டில் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசும் பிள்ளைக்கு, ஒரு நாளில் தமிழை முழு வாக்கியமாகக் கேட்டுப் பேசும் இடம் பெரும்பாலும் பள்ளிதான். இடைநிலைப்பள்ளியில் பல இடங்களில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, மதியத்தில் நடக்கிறது. நான்கு நாளாக நெருக்கினால் முதலில் இடம் இழப்பது அந்த மதிய வகுப்பாகத்தான் இருக்கும். கணிதத்தை யாரும் தூக்க மாட்டார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள், ஆசிரியர்களும் களைத்திருக்கிறார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் அதற்காகப் பள்ளிக் கதவை ஒரு நாள் பூட்டினால், வீட்டில் ஆள் உள்ள குடும்பத்துக்கு அது பரிசு, ஆள் இல்லாத குடும்பத்துக்கு அது பில். ஆகவே நாளை வெட்டுவதை விட அந்த நாளின் சுமையை வெட்டுவோம் என்பது என் கருத்து.

வெள்ளிக்கிழமை நம் பள்ளிகள் பலவற்றில் ஏற்கெனவே சீக்கிரம் முடிகின்றன. அந்த நாளைப் புத்தகப்பை இல்லாத நாளாக்கலாம். நூலகம், விளையாட்டு, தோட்டம், நாடகம் என்று வைக்கலாம். சாப்பாடு வழக்கம்போல் இருக்கட்டும். வீட்டுப்பாடம் வேண்டாம். புறப்பாடப் பயிற்றுநர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர்கள் ஆகியோர் அந்த நாளைத் தாங்கினால், ஆசிரியர்கள் பாதிப் பேராவது முறை வைத்துக் கோப்பு வேலையை முடிக்கலாம். இப்படி ஒரு பள்ளியில், ஒரு தவணைக்கு முயன்று பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

அடுத்தது பெற்றோரின் வேலை நேரம். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48இலிருந்து 45 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. அதே திருத்தத்தில், வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றிக் கேட்டு முதலாளிக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க ஊழியருக்கு உரிமை தரப்பட்டது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் இப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதை அன்றைய அழைப்புகளில் உணர்ந்தேன். அலுவலக வேலையில் இருக்கும் இளம் பெற்றோர் முதலில் கேட்டுப் பழக வேண்டும். தொழிற்சாலை வரிசையில் நிற்பவருக்கு அந்த வழி எளிதல்ல என்பதால், அவர் பிள்ளைக்குப் பள்ளி திறந்திருப்பது இன்னும் அவசியம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், “பிற விவகாரம்” என்று தலைவர் சொல்லும்போது வழக்கமாக நாற்காலிகள் நகரும், எல்லோரும் சிற்றுண்டிப் பக்கம் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, வெள்ளிக்கிழமையை எப்படி இலகுவாக்கலாம் என்று கேட்கட்டும். ஷிப்ட் முடிந்து கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோருக்கும் சேர்த்துக் கேட்கட்டும்.